கிரேக்கர்களைப் பற்றி எல்லோரும் கேட்கிற கேள்விகள்

கிரேக்கம் என்று பேச்செடுத்தாலே சாக்ரட்டீஸ், அலெக்சாண்டர், ஒலிம்பிக் என்று ஆரம்பித்து, அங்கிருந்து ஒரே தாவலில் சான்டோரினியின் வெள்ளை வீடுகளுக்கு வந்துவிடுகிறோம். நடுவில் இருக்கும் இரண்டாயிரம் ஆண்டுகளை யாரும் தொடுவதே இல்லை. என்னிடம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் அந்த நடுப்பகுதியைத் தெரிந்துகொண்டாலே தீர்ந்துவிடும். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கிரீஸ், கிரேக்கம், ஹெல்லாஸ் மூணும் ஒண்ணுதானா? எவ்வளவு பெரிய நாடு?

மூன்றும் ஒன்றுதான். பரப்பளவில் ஏறக்குறைய தமிழ்நாடு அளவு, சுமார் 1,32,000 சதுர கிலோமீட்டர். ஆனால் 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஒரு கோடியே ஐந்து லட்சத்தைக்கூடத் தொடவில்லை, அதிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் ஏதென்ஸ் அடங்கிய அட்டிகா பகுதியில்தான் இருக்கிறார்கள். மீதி நாடு பெரும்பாலும் மலையும் கடலும். சின்னத் திட்டுகளையும் சேர்த்து எண்ணினால் தீவுகள் ஏறக்குறைய 6,000, ஆட்கள் வசிப்பது 227-ல் மட்டும். தீவு நாடு என்று பலர் நினைப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு மலைகள் நிறைந்த தலைநிலம், அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும்.

இன்னும் ஸீயஸ், அத்தீனா எல்லாரையும் கும்பிடுறாங்களா?

இல்லை. மிகப் பெரும்பான்மையினர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். பழைய தெய்வங்களின் வழிபாட்டை 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் தடை செய்தார், கோயில்கள் மூடப்பட்டன அல்லது தேவாலயங்களாக மாறின. அத்தீனாவின் பார்த்தினான் கோயிலே முதலில் தேவாலயமாகி, அப்புறம் மசூதியாகி, பிறகுதான் இப்போது நாம் பார்க்கும் நிலைக்கு வந்தது. பழைய வழிபாட்டை மீட்கிறோம் என்று சொல்லும் சிறு குழுக்கள் இன்று உண்டு. ஆனால் ஒரு சராசரி கிரேக்கருக்கு ஸீயஸ் பள்ளிப் பாடம், புனித ஜார்ஜ்தான் வீட்டுக் காரியம்.

மதமும் அரசும் அங்கே தனித்தனி அல்ல என்பதையும் கவனியுங்கள். அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு ஆர்த்தடாக்ஸ் திருச்சபையை நாட்டின் மேலோங்கிய மதம் என்று சொல்கிறது, பாதிரியார்களுக்குச் சம்பளம் அரசு தருகிறது. குருப்பட்டத்துக்கு முன்பே திருமணமானவர்கள் பாதிரியார் ஆகலாம். அதனால் கிராமத்துப் பாதிரியாருக்கு மனைவி மக்கள் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம்.

பழைய கிரேக்கத்துக்கும் இப்போ இருக்கிற கிரீஸுக்கும் நடுவுல என்னதான் நடந்துச்சு?

இதுதான் முக்கியமான கேள்வி. கி.மு. 146-ல் கொரிந்து நகரை ரோமானியர் அழித்ததோடு கிரேக்க நகர அரசுகளின் சுதந்திரம் முடிந்தது. கி.பி. 330-ல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ரோமப் பேரரசின் தலைநகரைக் கான்ஸ்டான்டினோபிளுக்கு, அதாவது இன்றைய இஸ்தான்புல்லுக்கு மாற்றினார். மேற்கில் ரோம் விழுந்த பிறகும் இந்தக் கிழக்குப் பேரரசு, நாம் பைசாந்தியம் என்கிறோமே அது, கிரேக்கம் பேசிக்கொண்டு, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவமாக, 1453 வரை நின்றது. அந்த ஆண்டு மே 29-ல் ஒட்டோமான் துருக்கியர் நகரைப் பிடித்தார்கள், அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய் ஆகாத நாள் என்ற எண்ணம் கிரேக்கர்களிடம் இன்றும் உண்டு. வெள்ளி 13 அல்ல, செவ்வாய் 13-தான் அங்கே கெட்ட நாள்.

பிறகு ஏறக்குறைய நான்கு நூற்றாண்டு ஒட்டோமான் ஆட்சி. 1821-ல் புரட்சி வெடித்தது, 1830-ல் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் சேர்ந்து சுதந்திர நாடாக ஏற்றன. ஆனால் அந்த நாட்டுக்கு முதல் அரசராக வந்தவர் பவேரியாவிலிருந்து அனுப்பப்பட்ட ஓட்டோ என்ற இளவரசர், வந்தபோது இருபது வயதுகூட ஆகவில்லை. முதல் தலைநகர் நாஃப்பிலியோ, 1834-ல்தான் ஏதென்ஸ். அப்போது ஏதென்ஸ் போரில் சிதைந்த ஒரு சிற்றூர். பழம்பெருமைக்காகவே அதைத் தலைநகராக்கினார்கள்.

இந்த நீண்ட இடைக்காலம் முழுக்க அந்த மக்கள் தங்களை ரோமியோஸ், அதாவது ரோமர் என்றே சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் கும்பிடுவது, சாப்பிடுவது, பாடுவது, புதைப்பது எல்லாமே பழங்கால ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸின் காலத்தைவிட இந்தக் காலத்துக்குத்தான் அதிகம் கடன்பட்டவை. கீழே வரும் பதில்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

ஏன் எல்லாருக்கும் ஒரே பேரு? எங்க ஆபீஸ்ல நாலு யோர்கோஸ் இருக்காங்க!

பெயர் வைப்பதில் அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்து அம்மாவின் அப்பா பெயர், பெண் குழந்தைகளுக்கும் இப்படியே பாட்டிகள் பெயர். ஒரு தாத்தாவுக்கு நான்கு மகன்கள் இருந்தால் நான்கு பேரன்களுக்கும் அவர் பெயரே வரலாம். பெயர்களோ புனிதர்களின் பட்டியலிலிருந்து வருபவை: யோர்கோஸ், யானிஸ், டிமிட்ரிஸ், கோஸ்டாஸ், மரியா, எலெனி. இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, ஆனாலும் தாத்தா பெயரை விட்டால் வீட்டில் மனத்தாங்கல் வருவது இன்றும் உண்டு.

இதனால்தான் பிறந்த நாளைவிடப் பெயர் நாள் பெரிது. உங்கள் பெயருடைய புனிதரின் திருநாள் உங்கள் நாள்: டிமிட்ரிஸுக்கு அக்டோபர் 26, நிகோஸுக்கு டிசம்பர் 6, யானிஸுக்கு ஜனவரி 7, மரியாவுக்குப் பெரும்பாலும் ஆகஸ்ட் 15. யாருடைய பிறந்த நாளையும் நினைவு வைத்திருக்க வேண்டாம், நாள்காட்டியைப் பார்த்தால் போதும். அன்று அவர்தான் மற்றவர்களுக்கு இனிப்பு வாங்கித் தர வேண்டும். உங்கள் நான்கு யோர்கோஸும் ஏப்ரல் 23 அன்று இனிப்புப் பெட்டியோடு வருவார்கள், அந்தத் தேதி ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்குள் விழுந்தால் ஈஸ்டர் முடிந்த திங்கள்கிழமை வருவார்கள். "க்ரோனியா போலா" என்று வாழ்த்துங்கள்.

அண்ணன் பாபடோபுலோஸ், தங்கச்சி பாபடோபுலு. ஒரே குடும்பம்தானே?

ஒரே குடும்பம்தான். பெண்களுக்குக் குடும்பப் பெயர் வேற்றுமை ஏற்று வரும், "பாபடோபுலோஸின்" என்பதுபோல. இதைவிடச் சுவையானது திருமணத்துக்குப் பிறகு நடப்பது. 1983-ல் வந்த குடும்பச் சட்டத்தின்படி மணமான பெண் சட்டப்படி தன் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருக்கிறாள். அதே சட்டம் வரதட்சணையையும் ஒழித்தது. ஆம், அங்கேயும் வரதட்சணை இருந்தது, ப்ரீகா என்பார்கள், பெண் பிறந்தால் வீடும் நிலமும் சேர்க்க வேண்டும் என்று குடும்பங்கள் திணறியிருக்கின்றன, தங்கைகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை அண்ணன் காத்திருப்பதும் வழக்கமாக இருந்தது. சட்டம் போனாலும், முடிந்த பெற்றோர் மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பது இன்றும் நடக்கிறது.

கிறிஸ்துமஸைவிட ஈஸ்டர் பெருசுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான், பல மடங்கு பெரிது. தேதியைப் பழைய ஜூலியன் நாள்காட்டியை வைத்துக் கணிப்பதால் பெரும்பாலான ஆண்டுகளில் கத்தோலிக்க ஈஸ்டருக்குப் பிறகுதான் வரும். 'தூய திங்கள்' என்ற நாளில் பட்டம் விட்டு நோன்பைத் தொடங்குவார்கள். புனித வெள்ளி இரவு, பூக்களால் மூடிய எபிதாஃபியோஸ் என்ற கிறிஸ்துவின் பாடையை ஊரே சேர்ந்து தெருத் தெருவாகச் சுமந்து போகும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள்கூட அந்த ஊர்வலத்தில் நடப்பார்கள்.

சனிக்கிழமை நள்ளிரவில் தேவாலயத்தின் விளக்குகள் எல்லாம் அணைந்து, உள்ளிருந்து ஒரு சுடர் வரும், கையிலிருக்கும் மெழுகுவர்த்திகள் ஒன்றிலிருந்து ஒன்று பற்றும். அந்தச் சுடரின் மூலம் ஜெருசலேமிலிருந்து விமானத்தில் வருகிறது, விமான நிலையத்தில் ஒரு நாட்டுத் தலைவருக்குரிய மரியாதையோடு வரவேற்கிறார்கள். அதை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசல் நிலையின் மேல் புகையால் சிலுவை போடுவார்கள். பல வீடுகளில் அந்தக் கரிச் சிலுவை ஆண்டு முழுக்க அப்படியே இருக்கும். அப்புறம் ஆட்டுக் குடல் சூப், சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டைகளை ஒன்றோடொன்று மோதும் விளையாட்டு, மறுநாள் கம்பியில் கோத்துச் சுட்ட ஆடு. கோர்ஃபு தீவில் சனிக்கிழமை காலை பால்கனிகளிலிருந்து பெரிய மண்பானைகளைத் தெருவில் போட்டு உடைப்பார்கள். கிரேக்கத்தை ஒரு முறைதான் பார்க்க முடியும் என்றால் நான் ஈஸ்டர் வாரத்தைத்தான் சொல்வேன்.

நாங்க சுத்த சைவம். அங்க போனா பட்டினிதானா?

பட்டினியே இல்லை, ஐரோப்பாவிலேயே சைவர்களுக்கு வசதியான நாடுகளில் ஒன்று. காரணம், மேலே சொன்ன நோன்புதான். ஈஸ்டருக்கு முன் ஏழு வாரம், கிறிஸ்துமஸுக்கு முன் நாற்பது நாள், ஆகஸ்டில் இரண்டு வாரம், போதாததற்குப் புதனும் வெள்ளியும் என்று முறைப்படி நோன்பிருந்தால் ஆண்டில் பாதி நாள் இறைச்சி, பால், முட்டை இல்லாமல் போய்விடும். எல்லோரும் இதைக் கடைப்பிடிப்பதில்லை, ஆனால் அதற்காக உருவான சமையல் தங்கிவிட்டது. ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த வெண்டைக்காய், பீன்ஸ், கத்தரிக்காய். ஜிகாந்தேஸ் என்ற பெரிய வெள்ளை மொச்சை. சான்டோரினியின் ஃபாவா பருப்பு. அரிசி அடைத்துச் சுட்ட தக்காளி. காட்டுக் கீரைகளை அவித்து எலுமிச்சை பிழிந்த ஹோர்தா.

கடையில் "நிஸ்டீசிமோ" என்று கேளுங்கள், நோன்புச் சாப்பாடு என்று பொருள். ஆனால் ஒரு எச்சரிக்கை: இரத்தம் இல்லாத உயிர்கள் என்ற கணக்கில் ஆக்டோபஸ், கணவாய், இறால், சிப்பி எல்லாம் நோன்பில் சேர்த்தி. எனவே "நிஸ்டீசிமோ" என்றதோடு நிறுத்தாமல், கடல் உணவும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அடைத்த தக்காளியிலும் திராட்சை இலைப் பொதியிலும் கொத்துக்கறி கலந்த வகை உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கிரீக் சாலட் சாக்ரட்டீஸ் காலத்துல இருந்தே இருக்கா?

இருக்க முடியாது. தக்காளி, குடைமிளகாய் இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். தக்காளி கிரேக்க மண்ணில் பரவியதே 19ஆம் நூற்றாண்டில்தான். சாக்ரட்டீஸ் சாப்பிட்டது பார்லி, கோதுமை, ஆலிவ், அத்தி, மீன், தண்ணீர் கலந்த திராட்சை மது. அசல் கிராமத்து சாலட்டில் கீரை இலைகள் வராது. தக்காளி, வெள்ளரி, வெங்காயம், ஆலிவ், மேலே ஒரு முழுத் துண்டு ஃபெட்டா, நிறைய எண்ணெய், அவ்வளவுதான். ஃபெட்டா என்ற பெயரை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கிரேக்கப் பாலாடைக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2002-ல் முடிவானது. டென்மார்க்கும் ஜெர்மனியும் வழக்கு போட்டு 2005-ல் தோற்றன. அது ஆட்டுப்பால்தான்: செம்மறியின் பால், விரும்பினால் 30 சதவீதம் வரை வெள்ளாட்டுப் பால்.

ஒரு காபிய வச்சுக்கிட்டு மூணு மணி நேரம் உட்கார்றாங்களே, வேலை இல்லையா?

காபி அங்கே தாகத்துக்கான பானம் அல்ல, உட்கார்ந்து பேசுவதற்கான இட வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள், கேட்காமலே தண்ணீர் வரும், நீங்களாகக் கேட்டால்தான் பில் வரும். கிராமத்துக் காஃபெனியோவில் பெரியவர்கள் தாவ்லி என்ற பகடைப் பலகை ஆட்டத்தோடு காலையைக் கழிப்பார்கள். கிரேக்க காபி பொடியோடு கொதிக்கவைத்தது, கடைசி மடக்கு வண்டலைக் குடித்துவிடாதீர்கள். சர்க்கரையை முதலிலேயே சேர்த்துக் காய்ச்சுவதால் ஆர்டர் செய்யும்போதே சொல்ல வேண்டும்: ஸ்கேட்டோஸ் என்றால் சர்க்கரை இல்லாமல், மெத்ரியோஸ் நடுத்தரம், கிளிகோஸ் இனிப்பு.

இளையவர்கள் கையில் இப்போது பார்ப்பது குளிர்ந்த ஃப்ரெட்டோ எஸ்பிரெஸ்ஸோ. அதற்கு முன் பல பத்தாண்டுகள் ஆண்டது ஃப்ராப்பே. 1957-ல் தெசலோனிகியின் சர்வதேசக் கண்காட்சியில் நெஸ்லே சார்பில் வேலை பார்த்த டிமிட்ரிஸ் வகோண்டியோஸ் என்பவர், வெந்நீர் கிடைக்காமல், உடனடிக் காபிப் பொடியைக் குளிர்ந்த நீரோடு குலுக்கிக் குடித்ததில் பிறந்தது.

மதியம் மூணு மணிக்கு ஊரே அடங்கிப்போகுதே?

கோடையில் மதியம் 3 முதல் 5.30 வரை சட்டப்படியே அமைதி நேரம். அந்த நேரத்தில் சுவரில் துளை போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடலாம். சிறு கடைகள் பல திங்கள், புதன், சனி மதியத்தோடு மூடிவிடும், செவ்வாய், வியாழன், வெள்ளி மட்டும் மாலையில் மறுபடி திறக்கும். சுற்றுலாப் பகுதிகளில் இந்தக் கணக்கு இல்லை. இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல்தான், 7 மணிக்கே உணவகம் போனால் சுற்றிலும் சுற்றுலாப் பயணிகள் மட்டும் இருப்பார்கள்.

கழிவறையில காகிதத்தைத் தொட்டியில போடச் சொல்றாங்க, ஏன்?

பல கட்டடங்களின் கழிவுக் குழாய்கள் குறுகலானவை, காகிதம் போட்டால் அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் மூடிபோட்ட கூடை இருக்கும், அதில் போடுங்கள்.

ஆமாவா இல்லையான்னே தெரியல, தலையை மேல தூக்குறாங்க. அப்புறம் கையைக் காட்டக் கூடாதாமே?

தலையை மேலே தூக்கி, புருவம் உயர்த்தி, நாக்கால் 'ட்ச்' என்றால் இல்லை. தலையைச் சற்றே சாய்த்துக் கீழே இறக்கினால் ஆம். வாயால் சொல்லும்போது "நே" என்றால் ஆம், "ஓஹி" என்றால் இல்லை. இந்த "ஓஹி"க்கு ஒரு தேசிய விடுமுறையே உண்டு: 1940 அக்டோபர் 28 விடியற்காலையில் முசோலினியின் தூதர், இத்தாலியப் படைகளை உள்ளே விட வேண்டும் என்று கேட்டபோது பிரதமர் மெடக்சாஸ் மறுத்த நாள். மெடக்சாஸ் ஒரு சர்வாதிகாரி. ஆனாலும் அந்த நாளை அவருடைய நாளாக அல்ல, மறுத்த மக்களின் நாளாகவே கொண்டாடுகிறார்கள்.

கை விஷயம் உண்மை. விரல்களை விரித்து உள்ளங்கையை எதிராளியின் முகத்துக்கு நேரே நீட்டினால் அது மூட்சா, கடுமையான அவமதிப்பு. பைசாந்தியக் காலத்தில் குற்றவாளிகளின் முகத்தில் சாம்பல் பூசி ஊர்வலம் விட்ட தண்டனையிலிருந்து வந்தது என்பார்கள். நமக்கு "அஞ்சு" என்று காட்டவும் "இரு, இரு" என்று நிறுத்தவும் கை அப்படித்தான் போகும், அதனால் உள்ளங்கையை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

அந்த நீலக் கண் மணி திருஷ்டிக்கா?

திருஷ்டிக்குத்தான், மாத்தி என்பார்கள். குழந்தையை அழகு என்று புகழ்ந்தால் உடனே "ஃப்து ஃப்து ஃப்து" என்று மூன்று முறை துப்புவதுபோலச் செய்வார்கள். காரணமில்லாமல் தலை வலித்தால் பாட்டிக்குப் போன் போகும். அவர் ஒரு கிண்ணம் தண்ணீரில் எண்ணெய்த் துளி விட்டுப் பார்த்து, முணுமுணுத்து ஜெபம் சொல்லிக் கழிப்பார். அந்த ஜெபத்தைப் பெண் ஆணுக்கும் ஆண் பெண்ணுக்கும்தான் சொல்லிக்கொடுக்கலாம், மாறினால் பலிக்காது என்பது நம்பிக்கை. திருச்சபை பாட்டிகளின் சடங்கை ஏற்பதில்லை. ஆனால் கண்ணேறு உண்டு என்பதை ஏற்று அதற்குத் தனி ஜெபம் வைத்திருக்கிறது.

தட்டு உடைக்கிறதும் அந்த டான்ஸும் பழங்கால வழக்கமா?

இரண்டுமே இல்லை. தட்டு உடைப்பது 1960களின் இரவு விடுதிகளில் உச்சத்தில் இருந்த கொண்டாட்டம், இப்போது பாடகர்கள் மேல் பூக்களை வீசுகிறார்கள். தோள்மேல் கைபோட்டு மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும் சிர்தாகி நடனம் 1964-ல் வெளிவந்த ஒரு திரைப்படத்துக்காகவே அமைக்கப்பட்டது, இசை மிக்கிஸ் தியோடராகிஸ். அசல் நாட்டார் நடனங்கள் ஊருக்கு ஊர் வேறு. கிரீட்டில் ஒன்று, எபிரஸ் மலைகளில் இன்னொன்று, கருங்கடல் கரையிலிருந்து வந்த பொந்தியர்களுடையது முற்றிலும் தனி. அவற்றைக் கிராமத் திருவிழாக்களில் ஆகஸ்ட் மாதம் பார்க்கலாம்.

கருங்கடல்ல இருந்து கிரேக்கர்கள் ஏன் வந்தாங்க? சாப்பாடெல்லாம் துருக்கி மாதிரியே இருக்கே?

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். முதல் உலகப் போருக்குப் பிறகு கிரேக்கப் படை ஆசியா மைனருக்குள், அதாவது இன்றைய துருக்கிக்குள் நுழைந்து, 1922-ல் தோற்றுத் திரும்பியது. அந்தச் செப்டம்பரில் ஸ்மிர்னா நகரம், இன்றைய இஸ்மீர், தீயில் அழிந்தது. 1923-ல் லோசான் உடன்படிக்கையின்போது இரு நாடுகளும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்புக்கொண்டன: சுமார் 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு, மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் துருக்கிக்கு. இதில் முன்பே தப்பி ஓடிவந்தவர்களும் அடக்கம். அளவுகோல் மதம், மொழி அல்ல. துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவர்கள் கிரேக்கர்களாகி வந்து சேர்ந்தார்கள், கிரேக்கம் மட்டுமே தெரிந்த கிரீட் முஸ்லிம்கள் துருக்கியர்களாக அனுப்பப்பட்டார்கள். யாரையும் கேட்கவில்லை. அரைக் கோடிப் பேர் வாழ்ந்த ஏழை நாட்டுக்குள் 12 லட்சம் அகதிகள் வந்ததை நினைத்துப் பாருங்கள். கூடாரங்களிலும் நாடக அரங்குகளிலும்கூடக் குடும்பங்கள் தங்கின.

அவர்கள் குடியேறிய இடங்கள்தான் நேயா ஸ்மிர்னி, நேயா இயோனியா போன்ற 'புதிய' என்று தொடங்கும் பகுதிகள். ஏ.இ.கே., பி.ஏ.ஓ.கே. என்ற பெரிய கால்பந்துக் கழகங்களைத் தொடங்கியவர்களும் அவர்களே, இரண்டின் பெயரிலும் வரும் கடைசி எழுத்து கான்ஸ்டான்டினோபிளைக் குறிக்கிறது, சின்னம் பைசாந்திய இரட்டைத் தலைக் கழுகு. துறைமுகச் சேரிகளில் அவர்கள் வளர்த்த ரெபெட்டிகோ பாடல்களை மெடக்சாஸ் தணிக்கை செய்தார், 2017-ல் யுனெஸ்கோ மனித குலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சீரகம், பட்டை மணக்கும் இறைச்சி உருண்டைகள் அவர்கள் கொண்டுவந்தவை. மீதியெல்லாம் ஒரே பேரரசில் நானூறு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் சமைத்ததன் விளைவு. காபியைக்கூட 'துருக்கிக் காபி' என்றே கேட்டு வந்தார்கள், 1974-ல் துருக்கிப் படை சைப்ரஸில் இறங்கிய பிறகுதான் 'கிரேக்கக் காபி' நிலைத்தது.

புதைச்சவங்கள மூணு வருஷம் கழிச்சு வெளியே எடுப்பாங்களாமே, உண்மையா?

உண்மை. நகரங்களில் இடுகாட்டு நிலம் குறைவு, எனவே கல்லறை பெரும்பாலும் மூன்று ஆண்டு வாடகைக்குத்தான். அதன் பிறகு குடும்பத்தார் முன்னிலையில் தோண்டி, எலும்புகளை மதுவால் கழுவி, பெட்டியில் வைத்து எலும்பு வைப்பகத்தில் சேர்ப்பார்கள். பிள்ளைகளுக்கு இது இரண்டாவது சாவு போன்ற வேதனை. இறந்த நாற்பதாம் நாள் நினைவு வழிபாட்டில் கோலிவா என்ற, வேகவைத்த கோதுமையில் மாதுளை, திராட்சை, சர்க்கரை சேர்த்த பண்டத்தைப் பகிர்வார்கள்.

"எரித்துவிடலாமே" என்று அடுத்த கேள்வி வரும். திருச்சபை எதிர்த்ததால் 2006 வரை சட்டமே இல்லை, முதல் தகன மையம் ஏதென்ஸுக்கு வடக்கே ரிட்சோனாவில் 2019-ல்தான் திறந்தது. அதுவரை உடலைப் பல்கேரியாவுக்கு எடுத்துப்போனார்கள். தகனத்தைத் தேர்ந்தெடுத்தவருக்குத் திருச்சபையின் இறுதி வழிபாடு கிடைக்காது என்பது அதன் நிலைப்பாடு.

பசங்க படிப்பெல்லாம் ஜாலியா இருக்குமோ?

இல்லவே இல்லை. பல்கலைக்கழகத்தில் இடம் பிடிக்க நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு, பனெல்லினிஸ் என்று பெயர். அதற்காகப் பள்ளி முடிந்ததும் ஃப்ரொந்திஸ்திரியோ என்ற டியூஷன் மையத்துக்கு ஓடுவார்கள், அத்தோடு ஆங்கில வகுப்பு தனி. அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் இலவசம் என்பதால்தான் இந்தப் போட்டி. பல்கலைக்கழகக் கல்வியை அரசு நிறுவனங்களே தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு சொல்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளைகளை அனுமதிக்கும் சட்டம் 2024-ல் பெரும் மாணவர் போராட்டத்துக்கு நடுவே நிறைவேறியது.

ஜனநாயகத்தைக் கண்டுபிடிச்சவங்கன்னு பெருமைப்படலாம்தானே?

படலாம், ஆனால் முழுசாகத் தெரிந்துகொண்டு. கி.மு. 508 வாக்கில் ஏதென்ஸில் கிளைஸ்தனீஸ் என்ற தலைவர் கொண்டுவந்த ஏற்பாட்டில் சட்டமன்றத்தில் குடிமகன் ஒவ்வொருவரும் நேரடியாகக் கை தூக்கலாம். 500 பேர் கொண்ட சபைக்கும் பெரும்பாலான பதவிகளுக்கும் ஆளைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். தேர்தல் வைத்தால் பணமும் குடும்பமும் ஜெயிக்கும் என்பது அவர்கள் கருத்து. இதை நான் மிகவும் மதிக்கிறேன். அதே நகரத்தில் பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் யாருக்கும் குரல் கிடையாது.

இன்றைய கிரேக்கத்தில் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை 1952-ல்தான் வந்தது. 1967 முதல் 1974 வரை ராணுவத் தளபதிகள் ஆண்டார்கள். 1973 நவம்பர் 17 அதிகாலையில் ஏதென்ஸ் பாலிடெக்னிக்கின் வாயிற்கதவை ராணுவ டாங்கி உடைத்து நுழைந்தது. இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் பெரும் பேரணி நடக்கிறது. மன்னராட்சியை 1974 டிசம்பர் பொது வாக்கெடுப்பில் முடித்துவைத்தார்கள். கிரேக்கர்களிடம் ஜனநாயகம் பற்றிக் கேட்டால் அவர்கள் பேசுவது பெரிக்ளிஸைப் பற்றி அல்ல, இந்தப் பாலிடெக்னிக்கைப் பற்றித்தான்.

கடன் வாங்கி ஜாலியா இருந்து திவாலானவங்கதானே, சோம்பேறிங்கன்னு சொல்றது சரிதானே?

சரியில்லை, இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆண்டுக்கு வேலை செய்யும் மணி நேரத்தில் கிரேக்கர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள், ஜெர்மானியர்களைவிட வெகு அதிகம். பிரச்சினை வேறு. வரி வசூல் ஓட்டை, அரசின் கணக்குகள் தவறாகக் காட்டப்பட்டது, யூரோவில் சேர்ந்தபின் எளிதாகக் கிடைத்த கடன். 2009 இறுதியில் பற்றாக்குறை சொன்னதைவிட இரண்டு மடங்கு என்று தெரிந்ததும் கடன் கதவு மூடியது. 2010 மே மாதம் முதல் மீட்புக் கடன், அதற்கு ஈடாக ஓய்வூதியமும் சம்பளமும் வெட்டு. பொருளாதாரம் ஏறக்குறைய கால் பங்கு சுருங்கியது, 2013-ல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. 2015 கோடையில் வங்கி இயந்திரத்தில் ஒரு நாளைக்கு 60 யூரோதான் எடுக்க முடிந்தது. மீட்புத் திட்டங்கள் 2018 ஆகஸ்டில் முடிந்தன. படித்த இளைஞர்கள் லட்சக்கணக்கில் வெளியேறியதுதான் இன்னும் ஆறாத இழப்பு.

சங்க இலக்கியத்துல வர்ற யவனர் இவங்கதானா?

ஓரளவுக்கு ஆம். இயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயரிலிருந்து பாரசீகம், வடமொழி வழியாக வந்த சொல் அது. ஆனால் மிளகு வாங்கச் சேர நாட்டு முசிறித் துறைமுகத்துக்கு வந்தவர்கள் ஏதென்ஸ்காரர்கள் அல்ல. ரோமப் பேரரசின் குடிகளாக எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து பருவக்காற்றைப் பிடித்து வந்தவர்கள். அவர்களில் பலர் பேசியதும் எழுதியதும் கிரேக்கம். முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்' என்ற வணிகக் கையேடு முசிறியையும் கீழ்க்கரையின் பொதுகேவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வியன்னாவில் இருக்கும் ஒரு 2ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் இன்னும் நேரடிச் சான்று: முசிறி வணிகம் தொடர்பான கடன் ஒப்பந்தமும், ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பும் அதில் கிரேக்கத்தில் இருக்கின்றன. யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் என்கிற அகநானூற்று 149ஆம் பாட்டையும் இதையும் சேர்த்துப் படியுங்கள், ஒரே வியாபாரத்தின் இரண்டு பக்கமும் கிடைக்கும்.

அலெக்சாண்டர் கிரேக்கரா, மாசிடோனியரா?

அவர் காலத்தில் இந்த இரண்டும் எதிரெதிர் அல்ல. அவருடைய அரச குடும்பம் ஆர்கோஸ் நகரத்து வம்சம் என்று சொல்லிக்கொண்டு ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது, அவர் படித்தது அரிஸ்டாட்டிலிடம், பரப்பியது கிரேக்க மொழியை. ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனீஸ் அவர் தந்தை ஃபிலிப்பை அந்நியன் என்று திட்டினார் என்பதும் உண்மைதான், அரசியல் பகையில் வந்த பேச்சு அது. ஸ்லாவிய மொழி பேசும் மக்கள் அந்தப் பகுதிக்கு வந்தது கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளில்.

யுகோஸ்லாவியா உடைந்து 1991-ல் மாசிடோனியா என்ற பெயரில் ஒரு நாடு தோன்றியபோது, அதே பெயரில் மாநிலம் வைத்திருக்கும் கிரேக்கம் கடுமையாக எதிர்த்தது. கால் நூற்றாண்டு இழுத்து, 2018-ல் பிரெஸ்பா உடன்படிக்கையில் 'வட மாசிடோனியா' என்று முடிவானது. கிரேக்கர் ஒருவரிடம் இந்தப் பேச்சை எடுப்பதற்கு முன், அவர் அந்த மாநிலத்தின் பெரிய நகரமான தெசலோனிகிக்காரரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாரும் ஆர்த்தடாக்ஸ்னா, வேற மதத்தவங்களே இல்லையா?

உண்டு, இதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். 1923 பரிமாற்றத்தில் மேற்கு திரேஸ் முஸ்லிம்களுக்கு விலக்கு இருந்தது, பதிலுக்கு இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும். அதனால் கொமோதினி, க்ஸாந்தி ஊர்களில் இன்றும் பாங்கொலியும் தேவாலய மணியும் சேர்ந்து கேட்கும். அந்த முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளை முஃப்தி இஸ்லாமியச் சட்டப்படி தீர்க்கும் ஏற்பாடும் இருந்தது. 2018-ல் அது இரு தரப்பும் விரும்பினால் மட்டுமே என்று மாறியது. ஏதென்ஸிலோ அரசு அங்கீகாரம் பெற்ற மசூதி 2020 நவம்பரில்தான் திறந்தது.

தெசலோனிகி நாலரை நூற்றாண்டுகள் யூதர்களின் பெருநகரமாக இருந்தது. 1492-ல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களை ஒட்டோமான்கள் ஏற்றார்கள், அவர்களுடைய பழைய ஸ்பானிய மொழி அந்தத் துறைமுகத்தின் பேச்சாகவே இருந்தது. 1943-ல் ஜெர்மானியர் ஏறக்குறைய அவர்கள் அனைவரையும் ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள், சுமார் 45,000 பேர். அவர்களுடைய பெரிய கல்லறைத் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகம் இருக்கிறது. நகரத்துக்குப் போகிறவர்கள் அங்குள்ள யூத அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் வராதீர்கள்.

வெனிஸ்காரர்கள் ஆண்ட தீவுகளில் கத்தோலிக்கர்களும் இருக்கிறார்கள், முக்கியமாக சீரோஸ், டீனோஸ் தீவுகளில். சீரோஸின் எர்முபோலி ஊரில் இரண்டு குன்றுகள், ஒன்றின் மேல் கத்தோலிக்கப் பேராலயம், மற்றதன் மேல் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம். ஈஸ்டர் தேதி இருவருக்கும் வேறு என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆனால் சீரோஸில் கத்தோலிக்கர்களும் ஆர்த்தடாக்ஸ் தேதியிலேயே ஈஸ்டர் கொண்டாடுகிறார்கள்.